ஒற்றடம்: வெப்பமும் தட்பமும்

விழா என்றால் விளையாட்டும் உடன்வரும். கல்லூரியின் நிறைவு விழாக்களிற் பழைய மாணவர் அணியும் பயில்வோர் அணியும் பொருதும் போட்டியைக் காண யாவரும் விரும்புவர். முப்பது ஆண்டுகளாகப் பந்தைக் கையாலுந் தொடாத அன்பர்கள், மைதானத்தைக் கண்டதும் வயதை மறந்து ஓடுவர், பாய்வர், விழுவர். அன்று மாலை அவர்களுக்கு ஒரு நோவும் இல்லை. மறுநாட் காலையிலோ படுக்கையைவிட்டு எழுவது அரிதாகின்றது. மாடியினின்று இறங்கும்போது ஒவ்வொரு படியும் அவர்தம் வயதை நினைவூட்டுகின்றது. அப்பொழுது வீட்டிலுள்ளோர் இரு கட்சியாகப் பிரிவர். “சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு” என்பாள் தாய். “ஐஸ் வைக்க வேண்டும்” என்பான் மகன். நொந்தவரோ இருவர்க்கும் நடுவே கால் நீட்டிக் கிடப்பார்.

இவ்விருவருள் யார் கூற்றுச் சரி என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். யாம் வைத்தியரல்லேம், பயிற்றப்பட்ட தமிழாசிரியரே. எனினும் பல ஆண்டுகள் இல்லப் பொறுப்பாசிரியராக இருந்து மெய்வல்லுநர் போட்டிகளில் மாணவருக்கு முதலுதவி செய்ய நேர்ந்தமையானும், அவ்வுதவியில் ஒருமுறை பெரிதும் பிழைத்தமையானும், இப்பொருளைக் கற்கும் கடப்பாடு எமக்கு உண்டாயிற்று. கற்றதை ஈண்டுப் பகிர்ந்துகொள்கின்றோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

பேச்சில் ‘ஒத்தடம்’ என வழங்குவது ‘ஒற்றடம்’ என்னும் சொல்லின் திரிபு. ‘ஒற்று’ என்பது இதன் அடி. ஒற்றுதலாவது மெல்ல வைத்து அழுத்தி எடுத்தல். கண்ணீரை ஒற்றுகின்றோம், மையை ஒற்றுதாளால் ஒற்றுகின்றோம். அங்கெல்லாம் தேய்த்தல் இல்லை. தேய்த்தால் மை பரவும் என்பதைச் சிறுவனும் அறிவான். எனவே, நொந்த இடத்தை உரசாது, பிசையாது, வெம்மையையோ தண்மையையோ மெல்லச் சேர்த்தலே இச்சிகிச்சை என்பது அதன் பெயரிலேயே அடங்கியிருக்கின்றது. இச்சொல்லின் வரலாற்றை வகுப்பிற் பன்முறை விளக்கிய யாமே, வேண்டிய பொழுதில் அதனை மறந்தோம்.

எமது பிழை

பல ஆண்டுகளுக்கு முன் பிறிதொரு பாடசாலையிற் பணிபுரிந்தோம். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நீளம் பாய்ந்த மாணவன் ஒருவன் மணலில் விழுந்தபோது அவனது கணுக்கால் உட்புறமாக மடங்கிற்று. அவன் வலியால் முகஞ் சுளித்தான். யாம் ஓடிச்சென்று, நல்லெண்ணெயைச் சூடாக்குவித்து, அக்காலை மேலுங் கீழுமாக உரமாகத் தேய்த்தோம். பின்னர் சுடுநீரில் நனைத்த துவாயைச் சுற்றினோம். “மெல்ல நட, நடந்தாற் சரியாகும்” என்று ஊக்கமும் அளித்தோம். சுற்றிநின்றோர் எமது கைத்திறனைப் பாராட்டினர்.

மாலைக்குள் அக்கால் இருமடங்காக வீங்கியது. இரவு முழுவதும் அவன் உறங்கவில்லை. மூன்றாம் நாள் தந்தையார் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றார். கதிர்ப்படத்தில், கணுக்காலின் வெளிப்புறத்து எலும்பின் நுனியில் வெடிப்பு ஒன்று தெரிந்தது. ஆறு வாரம் காலிற் சாந்துக்கட்டு. அவ்வாண்டு அடுத்த நிலைப் போட்டிக்கு அவன் தெரிவுசெய்யப்பட்டிருந்தான், போகவில்லை. யாம் வீட்டுக்குச் சென்று பார்த்தபோது தந்தையார், “நீங்கள் நன்மைக்குத்தானே செய்தனீங்கள், மாஸ்ரர்” என்றார். அவர் எம்மைக் கடிந்திருந்தால் ஆறுதல் உண்டாகியிருக்கும்.

எலும்பை வெடிக்கச் செய்தது எமது எண்ணெயன்று. அது விழுந்தபோதே நேர்ந்தது. ஆயினும் வீக்கத்தைப் பெருக்கியதும், நடக்கத் தூண்டியதும், வைத்தியரிடம் செல்வதை இருநாட் பின்போட்டதும் எமது அறியாமையே. நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும் நாடிய பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்ற திருவள்ளுவரது முறைமையை, யாம் கடைசியிலிருந்து முதலுக்குப் பின்பற்றினோம்.

இருவகை நோவு

தசையில் உண்டாகும் நோவு யாவும் ஒரு தன்மையன அல்ல. வீட்டிற் பரிகாரம் செய்யப் புகுவோர் முதலில் இரண்டைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, அடியினாலோ சுளுக்கினாலோ திடீரென உண்டாவது. இன்ன கணத்தில் நேர்ந்தது என்று நொந்தவர் கூறுவார். அங்கே நுண்ணிய குருதிக்கலன்கள் கிழிந்து குருதி கசிகின்றது. இழையங்களில் நீர் சேர்கின்றது. வீக்கமும், சூடும், சிவப்பும் தோன்றும். சில மணித்தியாலங்களுக்குப் பின் நீலம் பாரித்தலும் உண்டு.

இரண்டாவது, பழக்கமில்லாத உழைப்பினால் உண்டாகும் உளைவு. இது அன்றே தோன்றாது. 12 மணித்தியாலங்களுக்குப் பின்னர் மெல்லத் தொடங்கி, 24 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் உச்சத்தை அடைந்து, ஐந்தாறு நாட்களில் தானே அடங்கும். தசைகளிற் சேரும் இலற்றிக்கமிலமே இதற்குக் காரணமென்று நெடுங்காலம் கூறப்பட்டது. இன்றும் பலர் அவ்வாறே கூறுவர். அவ்வமிலம் உழைப்பு ஓய்ந்து ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்துக்குள் அகன்றுவிடுகின்றது. அகன்றுபோன பொருள் இரண்டாம் நாளில் எவ்வாறு நோகச் செய்யும்? அமெரிக்க உடற்றொழிலியலாளர் தியடோர் ஹவ் என்பார் 1902இலேயே, உழைக்கும்பொழுது உண்டாகும் நோவு வேறு, மறுநாள் உண்டாகும் நோவு வேறு என்று பிரித்து, பின்னையதற்குத் தசையினுள் நிகழும் நுண்ணிய கிழிவே காரணமெனக் கருதினார். பிற்கால ஆய்வுகளும் அக்கருத்தின் பக்கமே சார்ந்தன.

தசை சுருங்கிக்கொண்டே நீட்டப்படும் வேலைகளே இவ்வுளைவை மிகுதியாக விளைவிக்கின்றன. படியிறங்குதல், மேட்டினின்று இறங்கி ஓடுதல், பாரத்தை மெல்லக் கீழே வைத்தல், பந்தின் பின் ஓடிச் சட்டென நிற்றல் ஆகியன அத்தகையன. படியேறும்போது பொறுத்த தொடை, படியிறங்கும்போது முறையிடுவதன் காரணமும் இதுவே. முதன்முறை மண்வெட்டி பிடித்தவனுடைய நாரி மறுநாள் நிமிர மறுப்பதும் இவ்வினத்தைச் சார்ந்தது.

தட்பம் செய்யும் தொழில்

தண்மை பட்டதும் தோலிலும் அதனை அடுத்துமுள்ள குருதிக்கலன்கள் சுருங்குகின்றன. அவ்விடத்துக்குப் பாயும் குருதி குறைகின்றது. நரம்புகள் செய்தியைக் கடத்தும் வேகம் தளர்கின்றது. அதனால் நோவு மரத்துப்போகின்றது. ஆதலின், புதிய அடிக்கும் சுளுக்கிற்கும் முதல் ஒன்றிரண்டு நாட்களில் தட்பமே ஏற்றது. அந்நேரத்தில் வெப்பம் கொடுத்தால் குருதிக்கலன்கள் விரிந்து கசிவும் வீக்கமும் மிகும். யாம் செய்த தவறு இதுவே.

ஆயினும் தட்பத்தையும் அளவுக்கு மிஞ்சிப் போற்றுதல் கூடாது. அடிபட்ட இடத்துக்கு ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்திவைத்தல் என்னும் நான்கினையும் தொகுத்து 1978இல் வெளியிட்டவர் கேப் மேர்க்கின் என்னும் அமெரிக்க வைத்தியர். அந்நால்வகை முறை உலகெங்கும் பரவிற்று. அவரே 2014இல், பனிக்கட்டி ஆறுதலைத் தாமதப்படுத்தவுங் கூடும் என்று தமது பழைய கருத்தைத் திருத்தினார். வீக்கமென்பது வெறும் பகையன்று. கிழிந்ததைச் செப்பனிட உடல் அனுப்பும் வேலையாட்களும் அதனுடனேயே வருகின்றனர். 2019இல் வெளியான மற்றொரு முறைமை பனிக்கட்டியை அறவே சேர்க்காது விடுத்தது. ஆகவே, நோவைத் தணித்தற்கு முதல் நாட்களில் சிறிது நேரம் தட்பம் கொடுத்தல் தகும். நாளெல்லாம் பனிக்கட்டிமேல் காலை வைத்திருத்தல் தகாது. தாம் கூறியதைத் தாமே திருத்திக்கொள்ளும் துணிவு ஆசிரியராகிய எமக்கும் பாடமாயிற்று.

வெப்பம் செய்யும் தொழில்

வெம்மை பட்டதும் குருதிக்கலன்கள் விரிகின்றன, குருதியோட்டம் மிகுகின்றது, இறுகிய தசை நெகிழ்கின்றது, விறைத்த மூட்டு இளகுகின்றது. தோலின் கீழுள்ள கொழுப்பு வெப்பத்தை எளிதிற் கடத்தாமையால், ஒற்றடத்தின் சூடு மிக ஆழத்துக்குச் செல்வதில்லை. அவ்வாறாயினும் நோவு குறைவது ஏன்? சூட்டையும் தண்மையையும் அறியும் வாயில்கள் நரம்பு நுனிகளில் அமைந்துள்ளன. மிளகாயின் காரமும் கொதிநீரின் சூடும் ஒரே வாயிலைத் தட்டுகின்றன; தைலங்களிலுள்ள மென்தோலும் குளிர்நீரும் வேறொரு வாயிலைத் தட்டுகின்றன. இவ்வகை ஆராய்ச்சிக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் என்னும் இருவருக்கு 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இனி, 1965இல் மெல்சாக், வோல் என்போர் வெளியிட்ட கொள்கையின்படி, தொடுகை முதலிய உணர்ச்சிகள் முண்ணாணை அடையும்போது அங்குள்ள கதவு ஒன்று சாத்தப்பட்டாற்போல நோவுச் செய்தி தடுக்கப்படுகின்றது. அடிபட்ட குழந்தையின் முழங்காலில் தாய் கைவைத்ததும் அழுகை ஓய்வதை நாம் கண்டிருக்கின்றோம்.

எனவே, வீக்கமற்ற பிடிப்புக்கும், நாட்பட்ட நோவுக்கும், காலை விறைப்புக்கும் வெப்பமே இதமானது. திடீரென உண்டாகும் நாரிப் பிடிப்புக்கு வெப்ப ஒற்றடம் குறுகிய காலத்துக்குச் சிறிதளவு நிவாரணம் தருகின்றதென 2006இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்று முடிவு கண்டது; தட்பத்துக்கு அத்தகைய சான்று போதியதாக இல்லை. ஆதலால் நாரிநோவுக்குத் தவிட்டு ஒற்றடம் கொடுத்த எம் பாட்டிமார் பிழைத்தாரல்லர்.

விளையாட்டின் பின் உண்டாகும் உளைவுக்கோ இரண்டும் ஓரளவு உதவும். குளிர்நீரில் அமிழ்ந்திருத்தல், ஒன்றுஞ் செய்யாதிருத்தலைவிட உளைவைக் குறைக்கின்றது என 2012இல் ஒரு தொகுப்பாய்வு காட்டிற்று. ஆனால் வலிமைப் பயிற்சி செய்தவுடன் வழக்கமாகக் குளிர்நீரில் அமிழ்ந்தால், பயிற்சியால் விளைய வேண்டிய தசைவளர்ச்சி குறைகின்றதென 2015இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. உடற்பயிற்சி செய்யும் மாணவர் இதனை மனத்திற் கொள்க. எமது வெப்பநாட்டுக் கிணற்றுநீர் பனிக்கட்டி நீர்போற் குளிர்வதன்று. அதில் தாராளமாகக் குளிக்கலாம்.

வீட்டிற் செய்யும் முறை

தட்பத்துக்கு: பனிக்கட்டியை உடைத்துப் பொலித்தீன் பையிலிட்டு, சிறிது தண்ணீரும் சேர்த்து, காற்றை நீக்கிக் கட்டுக. தண்ணீர் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. உறைபெட்டியினின்று எடுத்த கட்டி பூச்சியத்துக்கும் மிகக் கீழான வெப்பநிலையில் இருக்கும், தோலை ஊறுபடுத்தும். நீரோடு கலந்து உருகத் தொடங்கிய பின் அது பூச்சியப் பாகையில் நிற்கும். உடலின் வளைவுக்கேற்ப வளைந்தும் கொடுக்கும். உருகும் ஒரு கிராம் பனிக்கட்டி ஏறத்தாழ 334 யூல் வெப்பத்தை உறிஞ்சுகின்றது. ஒரு கிராம் தண்ணீர் ஒரு பாகை சூடாவதற்கு வேண்டியது ஏறத்தாழ 4.2 யூல் மட்டுமே. பனிக்கட்டியின் ஆற்றல் இம்மறைவெப்பத்திலேயே உள்ளது. உப்பைச் சேர்க்கற்க, வெப்பநிலை பூச்சியத்தின் கீழ்ச் சென்று தோல் வெந்தாற்போலாகும்.

பைக்கும் தோலுக்கும் இடையே ஈரத்துணி ஒன்று இருத்தல் வேண்டும். ஒருமுறைக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். 20 நிமிடத்தைக் கடக்கலாகாது. இரண்டு மணித்தியாலம் இடைவிட்டு மீண்டும் செய்யலாம். தோல் வெளுத்தாலும், திட்டுத்திட்டாகச் சிவந்தாலும், உணர்வு முற்றும் அற்றாலும் உடனே எடுத்துவிடுக. பனிக்கட்டி கிடைக்காவிடத்து, நனைத்த துணியைச் சுற்றி விசிறுதலும் பயன்தரும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறே.

வெப்பத்துக்கு: றப்பர்ப் பையாயின் கொதிநீரை ஊற்றாது, ஆறவைத்த சுடுநீரை மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றைப் போக்கி மூடித் துணியிற் சுற்றுக. வெடிப்புக்கண்ட பழைய பையைப் பயன்படுத்தற்க. அது இல்லாத வீட்டில், கல்லுப்பையோ தவிட்டையோ சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்தால் நல்ல ஒற்றடம் ஆகும். நொச்சி, ஆமணக்கு முதலியவற்றின் இலைகளை வதக்கிக் கட்டுவதும் எமது வழக்கு. எதுவாயினும், கொடுப்பவர் முதலில் தமது முன்கையின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கே இதமாயிருத்தலே அளவு; ‘தாங்கக்கூடிய சூடு’ அளவன்று. 15 முதல் 20 நிமிடம் கொடுத்து, தசை இளகிய பின் உறுப்பை மெல்ல நீட்டியும் மடக்கியும் அசைத்தல் நலம்.

சுடுவது கொதிநீர் மட்டுமே என எண்ணற்க. தோலைச் சுடுவது வெப்பநிலையும் நேரமும் கூடிய கணக்கு. மொரிட்ஸ், ஹென்றிக்ஸ் என்போர் 1947இல் வெளியிட்ட ஆய்வின்படி, 60 பாகை செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ ஐந்து செக்கனில் தோல் வேகும். 44 பாகையிலோ ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்தில் வேகும். இதமான சூடும் உறங்கிப்போனவரைச் சுடும். ஆதலால் ஒற்றடப் பையை அணைத்துக்கொண்டு உறங்குதல் கூடாது. காரத் தைலம் பூசிய இடத்தில் வெப்ப ஒற்றடம் கொடுத்தலும் கூடாது.

விலக்க வேண்டிய இடங்கள்

எம் உறவினராகிய முதியவர் ஒருவர் நீண்டகாலம் நீரிழிவு உடையவர். கால் உளைகின்றதென்று ஒருநாள் வாளியில் சுடுநீர் வைத்துப் பாதத்தை அமிழ்த்தினார். “தண்ணீர் சுடவேயில்லை” என்று மேலும் சூடுநீர் கேட்டார், வீட்டிலுள்ளோரும் ஊற்றினர். மறுநாள் இரு பாதங்களிலும் கொப்புளங்கள் எழுந்தன. புண் ஆறுவதற்குப் பல மாதங்கள் சென்றன. நீரிழிவினால் நரம்பு உணர்விழந்த பாதத்துக்குச் சூடு தெரியாது, தண்மையும் தெரியாது. அன்னாருக்கு இவ்விரு பரிகாரமும் வீட்டிற் செய்தற்குரியன அல்ல. குருதியோட்டம் குன்றியோர், குளிர்பட்டால் விரல் வெளுப்போர், பக்கவாதத்தால் உணர்வு குறைந்தோர் ஆகியோர்க்கும் வைத்தியர் சொல்லாமற் செய்தல் ஆகாது. திறந்த புண்ணிலும், சீழ்கொண்ட வீக்கத்திலும் வெப்பம் வைக்கலாகாது. குழந்தைகளுக்கும் முதியோர்க்கும் தோல் மெலிந்தது. சூட்டையும் நேரத்தையும் குறைத்தல் வேண்டும்.

இனி, ஒற்றடத்தோடு நில்லாது வைத்தியரை நாட வேண்டிய குறிகள் சில. மடங்கிய காலை ஊன்றி நான்கு அடியும் எடுத்துவைக்க இயலாதாயினும், கணுக்கால் எலும்பின் நுனியை அழுத்த வலித்தாலும், உறுப்பு வடிவம் மாறினாலும் முறிவு என ஐயுறுக. அன்று எமது மாணவனிடம் இவ்வொரு சோதனையைச் செய்திருந்தாற் போதும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடுகண்டு நொந்தால், நாளத்தினுள் குருதி உறைந்திருக்கவுங் கூடும்; தேய்க்காது வைத்தியசாலைக்குச் செல்க. கடும் உழைப்பின் பின் தசை மிக வீங்கிச் சிறுநீர் வெறுந்தேநீர் நிறங்கொண்டால், உடைந்த தசைப்பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகின்றது என அறிக. நாரிநோவுடன் கால் செயலிழந்தாலும் சிறுநீர் கட்டுப்பட்டாலும் ஒரு மணித்தியாலமும் தாமதித்தல் ஆகாது.

விழாப் போட்டியில் இறங்கும் பழைய மாணவர்க்கு ஒரு சொல் தனியே கூறுவோம். மார்பிலும், இடத் தோளிலும், தாடையிலும் இறுக்கம் தோன்றி, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், “பந்து எறிந்த பிடிப்பு” என்று தைலம் பூசி இருத்தல் வேண்டாம். அது இதயத்தின் முறையீடாக இருக்கலாம். விளையாட்டை நிறுத்தி அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்லுதலே அறிவுடைமை. நாணத்தால் மறைத்த நோவு உயிரையும் கொள்ளும்.

முடிவுரை

தாய்க்கும் மகனுக்கும் இடையே எழுந்த வழக்கிற்கு இனித் தீர்ப்புக் கூறலாம். புதிய அடி, வீக்கம், சூடு உள்ள இடத்தில் மகன் கூற்று வெல்லும். பிடிப்பு, விறைப்பு, நாட்பட்ட நோவு உள்ள இடத்தில் தாய் கூற்று வெல்லும். விளையாடிய மறுநாள் உளைவுக்கு நொந்தவர் எதனை இதமென்று கருதுகின்றாரோ அதுவே வெல்லும். உண்மையில் அதற்குச் சிறந்த மருந்து மெல்லிய நடையும், இரண்டொரு நாட் பொறுமையுமே. அடுத்த விழாவுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே சிறிது சிறிதாக ஓடிப் பழகுவாராயின் ஒற்றடமே வேண்டாதொழியும். ஒருமுறை பழகிய தசை மறுமுறை அவ்வளவு நோவதில்லை.

சாந்துக்கட்டுடன் இருந்த அம்மாணவன் இன்று ஆசிரியர். தன் பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பாகவும் இருக்கின்றான். அண்மையில் அவனைச் சந்தித்தபோது முதலுதவிப் பெட்டியிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். துணி, கட்டு, பனிக்கட்டிப் பை யாவும் அதில் இருந்தன. “எண்ணெய் இல்லையோ?” என்றோம். “இல்லை, சேர்” என்று சிரித்தான். யாம் அவனுக்குக் கற்பித்த பாடங்களுள் நன்கு பதிந்தது இதுவே போலும்.

கல்லூரி அன்னை மக்களெல்லோரும் நோயற்ற வாழ்வு பெற்று, மைதானத்திற் பல்லாண்டு ஓடியாடி மகிழ்வார்களாக.